கூடாரத்துக்குள் ஒரு தப்பான வெளிச்சம்

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், காற்றடித்த கோளரங்கக் கூடாரத்துக்குள்ளே வானத்தைக் காட்டுவது என் வேலை. வானத்தைப் பற்றிப் பிள்ளைகளைவிட எனக்கு அரைப் பக்கம்தான் கூடுதலாகத் தெரியும். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், நாம் ஒரே கட்சி.

கல்லிடைக்குறிச்சியில் கைதட்டல்

இந்த வேலையில் என் முதல் பள்ளிக்கூடம். விண்வெளியில் ஒளி நேர்கோட்டில் போகும் என்று காட்ட டார்ச்சை அடித்தேன். எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் விழுந்ததே தவிர, நடுவே ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கூடாரத்தின் சொந்தக்காரர் அண்ணாச்சி வாசலில் நின்று முறைத்தார்.

மகளுக்குத் தலைக்கு ஊற்றினால் புகை போட வாங்கிய சாம்பிராணி என் பையில் இருந்தது. வெளியே ஓடி, கூடாரத்துக்குக் காற்று ஊதும் ஃபேன் பக்கத்தில் கொளுத்தி வைத்தேன். உள்ளே புகை பரவியது. மறுபடி டார்ச் அடித்ததும் வெளிச்சம் கம்பு மாதிரி நின்றது. "விண்வெளியிலும் ஒளி இப்படித்தான் தெரியும்" என்று துணிந்து சொன்னேன். ஒரே கைதட்டல். அண்ணாச்சி சொன்னார்: "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா டீச்சர்!"

மேலப்பாளையத்தில் ஒரு கேள்வி

அடுத்த வாரம் மேலப்பாளையம். அதே புகை, அதே வசனம். ஆறாம் வகுப்பு நஸ்ரின் எழுந்தாள். "எங்க வீட்ல தறி ஓடும் மிஸ். பஞ்சு பறந்தாத்தான் ஜன்னல் வெயிலு கோடா தெரியும். வானத்துல யாரு மிஸ் சாம்பிராணி போடுதா?"

கூடாரமே சிரித்தது. அவள் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. நான் படித்த கான்வென்ட்டில் கேள்வி கேட்டால் எங்களுக்கு என்ன கிடைத்ததோ, அதையே அவளுக்குக் கொடுத்தேன்: "உட்காரு. அதெல்லாம் பெரிய கிளாஸ்ல படிப்ப." முகம் சுண்டி உட்கார்ந்தாள். முடிந்ததும் தவழ்ந்து வெளியே வந்தவள் என் பக்கத்தில் நின்று கேட்டாள்: "நான் தப்பாக் கேட்டுட்டேனா மிஸ்?"

நான் டார்ச்சைப் பைக்குள் வைப்பது போல் குனிந்துகொண்டேன்.

அண்ணாச்சியின் கவலை

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் மகளுக்கு இரண்டு வயது; இப்போதுதான் "ஏன்" என்று கேட்கப் பழகுகிறாள். அவளையும் ஒருநாள் இப்படி உட்கார வைத்துவிடுவேனோ என்று பயம். வேலை போனாலும் போகட்டும் என்று, அடுத்த ஊருக்குப் போகும் வழியில் அண்ணாச்சியிடம், தப்பாகச் சொல்லிவிட்டேன், மேலப்பாளையத்துக்கு மறுபடி போக வேண்டும் என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நீங்க சொல்லுதது சரியாவே இருக்கட்டும். கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்தைக் காட்ட எவன் நம்மளக் கூப்பிடுவான்?"

ஆனாலும் வண்டியைத் திருப்பினார்.

மறுபடி மேலப்பாளையம்

புகை இல்லை. டார்ச் அடித்தேன், நடுவே வெறும் இருட்டு. குறுக்கே கையை நீட்டினேன், கை பளிச்சென்றது. "ஒளி போய்க்கிட்டேதான் இருக்கு. எதன் மேலாவது பட்டு நம்ம கண்ணுக்கு வந்தாத்தான் தெரியும். சூரியன் எரிஞ்சாலும் விண்வெளி கறுப்பா இருக்கிறது அதனாலதான். நான் சொன்னது தப்பு. நஸ்ரின் கேட்டதுதான் சரி" என்றேன்.

நஸ்ரின் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "நேத்து டெஸ்ட்ல, நீங்க காட்டினத வச்சு இதத்தான் கேட்டாங்க மிஸ். அன்னைக்கு நீங்க சொன்னதையே எழுதிட்டேன். முழு மார்க்கு."

தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுகூட எளிதுதான். தெரிந்த பிள்ளைக்கு அதை மறக்கடிக்காமல் வீடு திரும்புவதுதான் இந்த வேலையில் பெரும்பாடு.