டோக்கன் இல்லாமல் யாரும் இறங்க முடியாது

பேத்திக்கென்று நான் சுட்டு எடுத்துப்போன அதிரசத்தை, மும்பையிலிருந்து திரும்பும் ரயிலில் எங்கள் வீட்டுக்காரரே உட்கார்ந்து தின்றார். "நல்லாகீதுமே, வெல்லம்தான் கொஞ்சம் தூக்கல்" என்று வேறு சொன்னார். அந்த டப்பா எதற்காகக் கப்பல் ஏறியது, ஏன் மூடி திறக்காமல் திரும்பியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தின்றார்.

தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்கிற லைனில் எங்களுக்கு வீடு. மைன்ஸ் மூடும்வரை அவர் அண்டர்கிரவுண்டில் இருந்தார். மூடிய பிறகு விடியற்கால ரயிலேறி பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். இப்போது நுரையீரலில் தூசியும் வாயில் வசவுமாக வீட்டோடு இருக்கிறார். எங்கள் மகள் நர்ஸ். கூட வேலை பார்த்த கொச்சிக்காரனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி, வேறு பாஷை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஆபீசில் கன்னடம், ஆளைத் திட்ட இங்கிலீஷ் என்று நாலு பாஷை பேசுகிற மனுஷனுக்கு மலையாளம் மட்டும் கசந்துவிட்டது. "அவளைத் தலை முழுகிட்டேன். இந்த வாசப்படி மிதிச்சான்னா நான் பொணம்" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கத்தியதோடு விட்டாரா? குழாயடிக்குப் போய், எல்லாரும் பார்க்க நாலு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அடித்த வெயிலுக்கு அது சுகமாகத்தான் இருந்திருக்கும்.

மகளுக்குக் குழந்தை பிறந்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. நான் அதைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. போய்விட்டு வருகிறேன் என்றால், "போனா அப்பிடியே போயிடு" என்பார். இத்தனை வருஷம் இருந்துவிட்டு எங்கே போவது?

பெங்களூரில் வேலையாக இருக்கும் மகன் ஒருநாள் வந்து, "அப்பா கடலையே பாத்ததில்லன்றாரே, கப்பல்ல அனுப்பட்டுமா?" என்று கேட்டான். மும்பையில் ஏறினால் கோவா, அப்புறம் கொச்சி, திரும்ப மும்பை. கொச்சி என்று காதில் விழுந்ததுமே நிமிர்ந்தேன், மகள் குடியிருப்பது அங்கேதான். கப்பல் காலையில் நின்று சாயங்காலம்தான் கிளம்புமாம். அவர் முகத்தைப் பார்த்தேன். "கொச்சி வந்தா வரட்டும், இன்னா இப்போ?" என்றார். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கும் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதிரசம் சுட்டேன், குழந்தைக்குப் பாவாடை தைத்தேன். அதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கப்பலில் ஏறும்போது ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அறைக் கதவும் அதில்தான் திறக்கும், துறைமுகத்தில் இறங்கி ஏறும்போதும் அதைத்தான் மெஷினில் காட்ட வேண்டும். காட்டினால் நம் முகம் அதில் வரும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டோக்கன்மே இது, மைன்ஸ்ல குடுப்பானே!" என்றார். லிப்டை, சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற கேஜ் என்றார். உள்ளே போனதும், கேஜில் நிற்கிற பழக்கத்தில் கையை மார்போடு கட்டிக்கொண்டு ஒடுங்கி நின்றார். ஜன்னல் இல்லாத அறை எனக்கு மூச்சு முட்டியது. அவர் பூமிக்கடியில் லெவலுக்குள் படுத்த மாதிரி குறட்டை விட்டார்.

கோவாத் துறைமுகத்தில் ஒரே லாரி, கிரேன், சங்கு ஊதுகிற சத்தம். மலை மலையாகக் கரி குவித்திருந்தார்கள். மகன் காசு போட்டுக் கடல் பார்க்க அனுப்பினால், இவர் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு, "நம்மூரு மைன்ஸ் மண்ணு கொட்டின சைனைடு மேடு இதவிடப் பெருசு" என்றார். ஊருக்குள் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பி ஏறியதும், "நீ முன்னாடி ரூமுக்குப் போ, நான் மூச்சு வாங்கிகினு வரேன்" என்று கீழேயே நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து வந்தவர், "உன் கார்டையும் குடு, பத்திரமா வெக்கறேன்" என்று கை நீட்டினார். கொடுத்தேன். எங்கள் வீட்டில் சாவி, ரேஷன் கார்டு எல்லாம் அவரிடம்தான் இருக்கும்.

கொச்சி வந்த அன்று காலையில் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, டப்பாவும் பையுமாக நின்றேன். மகள் போன் செய்தாள். "அம்மா, கேட்டாண்ட வந்துட்டோம். உள்ள விடமாட்டேன்றான். நீ வெளிய வாம்மா."

"ஏங்க, என் கார்டு குடுங்க."

"உன் கையிலதானே குடுத்தேன்?"

"எப்பக் குடுத்தீங்க?"

"நேத்தே குடுத்துட்டேன்மே. தேடு, எங்கியாச்சும் இருக்கும்."

தேடினேன். பெட்டியைக் கவிழ்த்தேன், மெத்தையைத் தூக்கினேன், குப்பைக்கூடையில் கை விட்டேன். அவர் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் மகள், "கவுண்டர்ல கேளும்மா, வேற குடுப்பாங்க" என்றாள். நான்தான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். "உனக்கு இன்னாடி தெரியும்? டோக்கன் தொலைச்சவன எந்த மேஸ்திரி உட்டான்?"

அவர் தலையாட்டினார். "அதான. டோக்கன் இல்லாம கேஜ் ஏத்த மாட்டான்."

எனக்கு அது ரத்தத்தில் ஊறியது. மைசூர் மைன்ஸில் வேலை பார்த்த என் அப்பா ஒருமுறை பித்தளை டோக்கனைத் தொலைத்துவிட்டு ஷாப்ட் வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளே விடவில்லை. ஷிப்ட் போயிற்று, வீட்டில் அம்மாவின் வாயில் விழுந்தார். டோக்கன் இல்லாதவன் ஆளே இல்லை என்பதுதான் எங்கள் ஊர் சட்டம். எங்கள் லைனில் பிறந்த யாரும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

மேல்தளத்துக்கு ஓடினேன். தகரக் கூரைகளும் வரிசையாக நிற்கும் பஸ்களும் தாண்டி கேட் தெரிந்தது. "நீலக் குடைம்மா, பாரு" என்றாள் மகள். பார்த்தேன். குடை தெரிந்தது. அதன் பக்கத்தில் கடுகளவு ஏதோ அசைந்தது. மாப்பிள்ளை குழந்தையைத் தலைக்குமேலே தூக்கிக் காட்டினாராம். நான் புடவைத் தலைப்பைப் பிடித்து ஆட்டினேன். கையிலிருந்த போனில் குழந்தையின் முகம் பெரிதாகத் தெரிந்தது. கண்ணெதிரே நிற்கிற பிள்ளையைப் போனில் பார்த்து அழுத பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் அவர் ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "சாப்டுமே, எத்தினி நாழி நிப்ப?" கேட் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வெயில்ல அந்தப் புள்ளய எதுக்கு நிக்க வெச்சிருக்கா? அறிவே கெடயாது அவளுக்கு." கேக்கையும் அவரே தின்றார். கப்பல் சங்கு ஊதி நகர்ந்தபோதும் அந்த நீலக் குடை அங்கேயே இருந்தது.

மும்பையில் இறங்க வேண்டிய காலை. டோக்கன் இல்லாமல் என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டே கவுண்டருக்குப் போனேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்தது மங்களூர்ப் பெண். கன்னடத்தில் பேசினாள். அறை நம்பர் கேட்டாள், ஏதோ தட்டினாள், புது அட்டை வெளியே வந்தது. ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

"அஷ்டே அம்மா" என்று சிரித்தாள். அவ்வளவுதானாம். "இதுக்கா பயந்தீங்க? கோவாவுல உங்க வீட்டு யஜமானரு தன் கார்டத் தொலைச்சிட்டு வந்து நின்னப்பகூட நான்தான் போட்டுக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லலையா?"

அப்படியென்றால், வேறு அட்டை கிடைக்கும் என்று தெரிந்துகொண்டேதான் கொச்சியில் தலையாட்டியிருக்கிறார். புது அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு அறைக்கு வந்தேன்.

ஊருக்கு வந்து துணி ஊறவைத்தபோது, அவருடைய பட்டாபட்டி அண்டர்வேரின் பையில் என் பழைய அட்டை இருந்தது. சோப்பு நுரையோடு கொண்டுபோய் அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். "யோவ், இன்னாய்யா இது?"

அவர் அசரவில்லை. "நான்தான் வெச்சிருந்தேன். அவ மூஞ்சில நீ முழிக்கக் கூடாதுன்னுதான் கூட வந்தேன். இல்லன்னா எனக்கு இன்னாத்துக்குடி கப்பலு?"

இப்போது அவருக்கு மூச்சு முன்னைவிட மோசம். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நேற்று மத்தியானம் நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து இழுப்புச் சத்தம் கேட்டது. "பம்பு... எங்கமே?"

அது என் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது.

"தேடுங்க" என்றேன். "எங்கியாச்சும் இருக்கும்."

அவர் மெத்தையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. கொடுக்காமல் விட்டுவிடுவேனா? கொடுப்பேன். இன்னும் இரண்டு வெங்காயம்தான் பாக்கி இருந்தது.