அம்மா முதுகில் படித்தது

எங்கள் பள்ளிக்கூடத்தில் கதைப் புத்தகங்களைக் கொடி கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். துணி காயப்போடுகிற மாதிரி. அது அக்கா படிக்கிற ரூமில். எங்களுக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, இந்தப் பக்க ரூம். இங்கே களிமண்ணும் புளியங்கொட்டையும்தான். டீச்சர் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். கோட்டின் மேல் கொட்டை அடுக்க வேண்டும்.

ஜன்னலில் தொற்றிப் பார்த்தால் கொடியின் கோடியில் ஒரு புத்தகம் தெரியும். அட்டையில் சிவப்பு நண்டு. ஒரு கொடுக்கு பெரிசு, ஒரு கொடுக்கு சிறிசு. வயல் நண்டை நான் வெறுங்கையால் பிடிப்பேன். இந்த நண்டு உள்ளே என்ன பண்ணுகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு நாள் டீச்சர் சொன்னார். நாளைக்கு ஒன்றியத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பார்ப்பார். வாசிக்கத் தயாரான பிள்ளைகள் அந்த ரூமுக்குப் போகலாம். ஆளுக்கு ஒரு புத்தகம் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். மற்றவர்கள் இங்கேயே இருந்து கொட்டை அடுக்க வேண்டியதுதான்.

நண்டு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு எழுத்து தெரியும். டீச்சருக்கே அது தெரியாது.

எங்கள் ஊர் குடவாசலுக்குக் கிழக்கே. அப்போது ஐப்பசி. சம்பா நடவு மும்முரம். மழை என்று நடவை நிறுத்த முடியாது. பெண்கள் ஆளுக்கொரு உரச்சாக்கை எடுத்து, ஒரு பக்க ஓரத்தை மட்டும் கிழித்துவிட்டு, தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கொங்காணி என்போம். சாக்கின் அடித்தையல் உச்சந்தலையில் உட்காரும். அது கம்பெனித் தையல். மடித்துத் தைத்தது. சொட்டுத் தண்ணீர் இறங்காது. சாக்கின் வாய் முழங்கால் பக்கம் தொங்கும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அக்காவும் நானும் அம்மா பின்னாலேயே வரப்பில் போவோம். அம்மா முதுகு என் மூஞ்சிக்கு நேரே இருக்கும். அதில் நீல எழுத்து. அக்கா மூன்றாவது படித்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, விரல் வைத்து வாசிக்கும். எனக்குச் சாய்க்கத் தோன்றியதில்லை. கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒரு வரப்பு முடிவதற்குள் ஒரு எழுத்து. அடுத்த வரப்பில் அடுத்தது.

"முதுகுல என்னடி பண்றீங்க? நண்டு ஊருற மாதிரி இருக்கு" என்று அம்மா கேட்கும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு.

அப்படித்தான் 'உரம்' படித்தேன். 'கொக்கி போடாதீர்' படித்தேன். அம்மா சாக்கில் பெரிய எழுத்தில் இருந்தது 'ஈரம் படாமல் வைக்கவும்'. அதுதான் நான் முழுசாகப் படித்த முதல் வரி.

மேடம் வந்த அன்று எனக்கு இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். அம்மா எண்ணெயை நெற்றி வரை வழிய வைத்திருந்தது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மேடம் ஸ்கூட்டியில் வந்து, மழைக்கோட்டை உதறிப் போட்டுவிட்டு, வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வராண்டாவுக்கு எதிரே வயல். அன்றைக்கு அந்த வயலில்தான் நடவு. அம்மாவும் அங்கே நின்றது.

எனக்கு முன்னால் எதிர்வீட்டுப் பையன் போனான். ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். வாங்கினான், திருப்பினான், "ஆடு" என்றான். மேடம் கன்னத்தில் தட்டிக் கொடுத்தார். எழுந்து வந்து என்னிடம் சொன்னான்:

"ஒண்ணுமே இல்லடி. புத்தகத்த ஒழுங்காப் பிடிச்சாலே பாஸு."

அடுத்து நான். மேடம் அதே புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். வேண்டுமென்றே தலைகீழாகக் கொடுப்பார்களாம். பிள்ளை நேராகத் திருப்புகிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. போன மாதம் என் மகளுக்கும் இதே மாதிரி வைத்தார்கள். அப்போதுதான் எனக்கே விளங்கியது.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? ஆட்டுக்குக் கால் மேலே இருந்தது. எழுத்து சரியாக இருந்தது. நான் வந்தது எழுத்துக்கு. ஆடு எப்படிக் கிடந்தால் எனக்கென்ன?

அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் குனிந்து எதையோ எழுதினார். பிறகு புத்தகத்தை அவரே திருப்பினார்.

"இப்படிப் பிடிக்கணும்டா. சொல்லு, இது என்ன எழுத்து?"

பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. எல்லாம் ஊருக்குப் புதுசாக வந்த ஆட்கள் மாதிரி நின்றன. பழையபடி திருப்பினேன். மேடம் திருப்பினார். நான் மறுபடி திருப்பினேன்.

"மேடம், நீங்க தலைகீழாக் காட்டுறீங்க" என்றேன்.

வராண்டா முழுக்கச் சிரிப்பு. எதிர்வீட்டுப் பையன் கத்தினான்: "ஏய், ஆட்டுக்குத் தலை சுத்துதுடி!"

மேடம் சிரிக்கவில்லை. என் பின்னலை நீவிவிட்டார். "புத்தகம் பிடிச்சுப் பழக்கமில்ல டீச்சர். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

நண்டு போயிற்று.

நான் அழுகிற பிள்ளை இல்லை. தலையைத் திருப்பி வயலைப் பார்த்தேன். டீ வந்திருந்தது. பெண்கள் வரப்பில் ஏறி நின்று டம்ளரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முதுகு காட்டி, வரிசையாக. மழையில் கழுவின நீல எழுத்து பளபளவென்று.

எழுந்து நின்றுகொண்டேன். கையை நீட்டினேன். கத்தினேன்.

"ஈரம்! படாமல்! வைக்கவும்!"

மேடம் திடுக்கிட்டார். நான் விடவில்லை. அடுத்த முதுகு. "கொக்கி போடாதீர்!" அதற்கடுத்த முதுகு. "உரம்! உரம்!"

வரப்பிலிருந்து ஒரு அத்தை கேட்டது. "யாருடி அவ, ஏலம் விடுறவ?"

பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். திரும்பினால் எழுத்து போய்விடும். எனக்கு உயிரே போயிற்று.

"திரும்பாதீங்க! யாரும் திரும்பாதீங்க!"

என்னவோ ஏதோ என்று எல்லாரும் அப்படியே நின்றார்கள், டம்ளரும் கையுமாக. மேடம் வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கழுத்தைச் சாய்த்தார், அக்கா சாய்க்கிற மாதிரியே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி சாய்த்தார்.

"அட! டீச்சர், இங்க வாங்க! இது அந்தச் சாக்கப் பாத்துப் படிக்குது!"

புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகவே என் மடியில் வைத்தார். நான் விரல் வைத்தேன். "ம, ர, ம். மரம்." அடுத்த பக்கம். "ப, ட, ம். படம்." அதற்கடுத்த பக்கத்தில் ஆடு. அந்த முதல் எழுத்து எனக்குத் தெரியவில்லை.

"இந்த எழுத்து எங்கம்மாகிட்ட இல்ல" என்றேன்.

மேடம் கண்ணில் நீர் வருகிற மாதிரி சிரித்தார். டீச்சர் சிரித்தார். பக்கத்து ரூம் ஜன்னலில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தது. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்! நான்தான்!"

அம்மாவைக் கூப்பிட்டார்கள். சேற்றுக் காலோடு படியேறாமல் கீழேயே நின்றது.

"என்ன பண்ணிட்டா டீச்சர்?"

"ஒண்ணும் பண்ணலங்க" என்றார் மேடம். "உங்க முதுகப் பாத்தே எழுத்துப் படிச்சிருக்கா. சாக்கக் கவுத்துப் போட்டிருக்கீங்கல்ல, அதான் அவளுக்கு எழுத்தெல்லாம் தலைகீழாப் பதிஞ்சிருக்கு. போகப் போகச் சரியாயிரும்."

அம்மா சிரிக்கவில்லை. சாக்கைத் தலையிலிருந்து எடுத்து, மழையில் நனைந்துகொண்டே, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. அம்மாவுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

"இதுல எதுங்க மேல்பக்கம்?"

மேடம் சாக்கின் வாயைத் தொட்டுக் காட்டினார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வயலுக்குப் போயிற்று.

எனக்கு நண்டு கிடைத்தது. நானே கொடியிலிருந்து உருவினேன். வீடு வரைக்கும் ஓட்டம். பாவாடைக்குள் புத்தகம், மழை படாமல்.

வீட்டில் அம்மா கோணி ஊசியும் சணலும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாக்கின் அடித்தையலைப் பிரித்தது. வாயை இழுத்துப் பிடித்துத் தைத்தது. பெரிய பெரிய தையல். நடுவில் அக்காவைக் கூப்பிட்டு, "சரியாப் பாரு, இப்ப நேரா நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டது. நான் நண்டைப் பார்ப்பதில் இருந்தேன்.

சனிக்கிழமை வரப்பில் போகும்போது அம்மா முதுகில் எழுத்தெல்லாம் நேராக நின்றன. எனக்குத் தடுமாறியது. அம்மா நடையைக் குறைத்துக்கொண்டது. விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, கடைசியில் பிடித்துவிட்டேன். "ஈரம் படாமல் வைக்கவும்!" அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தது. முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னடி இது, வாய்ப்பக்கத்தத் தலையில போட்டிருக்க?" என்று அந்த அத்தை கேலி பண்ணியது. "தையல்ல ஒழுகுது பாரு."

"கெடக்கட்டும், போ" என்றது அம்மா.

அந்த நடவு முடிகிற வரைக்கும் அதே சாக்குதான். சாயங்காலமானால் அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முடியை விரித்து உலர்த்தும். தும்மும். நான் பக்கத்தில் உட்கார்ந்து நண்டுப் புத்தகத்தை நேராகப் பிடித்து, சத்தமாக வாசிப்பேன். மழைக்காலம் என்றால் எல்லா அம்மாவுக்கும் தலை நனையும் என்றுதான் நினைத்திருந்தேன்.