எறும்பு மொய்த்த இடம்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் அவர், மீன்பிடிப்பவர். உப்பில் வெளுத்த கைலி, கட்டுப் போட்ட வலது கால். வண்டி நிற்கும்போதெல்லாம் யாரும் மிதித்துவிடாதபடி அந்தக் காலை இரு கைகளாலும் தூக்கி நகர்த்திக்கொள்வார்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன் என்றதும் அவர் குரல் ஏறியது.

"சக்கரைக்கு புது மாத்திரைனு மருந்துக்கடையில குடுத்து ஏமாத்திட்டானுங்க தம்பி. அதப் போட்டப்புறம்தான் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்ச்சுது. சக்கர முத்திப்போச்சுனு எல்லாத்தையும் ஏரியில வீசிட்டேன். அப்பால கால்ல கெளுத்தி மீனு முள்ளு குத்துன புண்ணு ஆறவேயில்ல."

"அந்த மாத்திரையோட வேலையே அதாண்ணா. கிட்னி வடிகட்டுற சக்கரை திரும்ப ரத்தத்துக்கே போயிடும். அதத் தடுத்து ஒண்ணுக்குல வெளிய தள்ளும். எறும்பு வந்துச்சுன்னா மருந்து கேக்குதுனு அர்த்தம்."

அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோணியிலேர்ந்து மொண்டு வெளிய ஊத்துன தண்ணியப் பாத்துட்டு, தோணி முழுவுதுனு குதிச்சிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கடக்காரன் வாயி இன்னா தேஞ்சா பூடும்?"

பொன்னேரியில் இறங்கும்போது அவருக்குக் கை நீட்டினேன். தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிப் போனார்.