குடைச் சின்னம்

அப்பாவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் பிறகுதான் வந்தது, அதுவும் அவர் கண்மூடிய பிறகு. இந்த வயதில் அதை மறைப்பதில் பயனில்லை.

அவர் திருகோணமலையில் பிரக்கிராசி. இன்றைக்கு எல்லாரையும் சட்டத்தரணி என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். அன்றைக்குப் பெரிய வழக்குப் பேச அப்புக்காத்துமார் இருந்தார்கள். ஊர்ச் சனத்தின் வேலித் தகராறுக்கும் காணிப் பிணக்குக்கும் பிரக்கிராசிமார் இருந்தார்கள். அப்பா இரண்டாவது வகை.

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பரிசாகக் கிடைத்தது. அமெரிக்காவில் மாநிலங்கள் புதிதாக உண்டான காலத்தில், ஏதோ ஒரு மாநிலத்தின் சட்டசபையில் இருந்த ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கை வரலாறு. அவர் ஜனாதிபதியாக வந்தவர் அல்ல; போருக்குப் போனவரும் அல்ல. அவருடைய பெயரை அவருடைய ஊர்க்காரரே மறந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மாத்திரம் அவர் தினமும் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். வழக்குப் பாதியில் சமாதானமாகிவிட்டால் அந்த அமெரிக்கர் பாதிக் கூலியைத் திருப்பிக் கொடுத்தாராம், அப்பாவும் கொடுத்தார். அந்த அமெரிக்கர் சட்டசபைக்கு நடந்தே போனாராம். அப்பாவும் நீதிமன்றத்துக்கு நடந்தார். நாங்களும் நடந்தோம்.

அம்மாவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசனுக்குப் பெண்சாதி பிள்ளையள் இருந்ததோ இல்லையோ?"

அப்பா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "இருந்தவை. ஒரு வரி கிடக்கு."

"ஒரு வரியாவது கிடைச்சுதே. குடுத்துவைச்சவள்," என்றார் அம்மா.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா நகரசபைத் தேர்தலில் நின்றார். துறைமுகத்தின் ஓரமாக எங்கள் வட்டாரத்தில் ஒரு வரிசைக் குடிசைகள் இருந்தன. மீன்பிடிப்பவர்களும் கப்பலில் சாமான் இறக்குபவர்களும் அவற்றில் இருந்தார்கள். ஒப்பந்தம் எடுத்துச் சீனன்குடாவுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கொந்தராத்துக்காரர் அந்த இடத்தில் களஞ்சியம் கட்ட விரும்பினார். அதற்கு நகரசபை சம்மதிக்க வேண்டும். சபையில் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். எங்கள் வட்டாரத்தில் யார் வெல்கிறாரோ அவர் கையில்தான் குடிசைகள். கொந்தராத்துக்காரர் தானே வேட்பாளராக நின்றார். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் றோசாக்கா அப்பாவிடம் வந்து நின்றாள்.

"பிரக்கிராசி ஐயா, நீங்கள் உள்ளுக்குப் போனால்தான் எங்கட குடில் நிக்கும்."

கொந்தராத்துக்காரருக்குத் திறப்புச் சின்னம் கிடைத்தது, பூட்டுக்குப் போடுகிற சாவி. அப்பாவுக்குக் குடை.

தேர்தல் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர் அம்மாவின் தம்பியான மாமா. துறைமுகத்தில் கிளாக்கர். அவருக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். "மார்கழி மழையில குடைச் சின்னம்! அத்தான், இது தேர்தல் கந்தோர் தரேல்லை. கோணேசர் தந்தது. மழை பெய்தால் ஊரே எங்கட சின்னத்தைத் தூக்கிக்கொண்டு திரியப்போகுது."

"அதுதான் எனக்குப் பயம்," என்றார் அப்பா. "வாக்குப் போடுற நாளில சாவடிக்குக் கிட்டச் சின்னம் காட்டக்கூடாது. எங்கட ஆக்கள் ஒருத்தரும் குடை கொண்டரப்படாது."

"அது மழைக்குப் பிடிக்கிற குடை, அத்தான்!"

"மழைக்குப் பிடிக்கிறதோ எனக்காகப் பிடிக்கிறதோ எண்டு ஆர் அறிவார்?"

"அப்ப அவங்கட ஆக்கள் திறப்புக் கொண்டரக் கூடாதோ? வீட்டைத் திறந்து போட்டிட்டே வருவினம்?"

"மடியில வைச்சிருக்கலாம். வெளியில காட்டக்கூடாது."

மாமா கூரையைப் பார்த்தார். அங்கே இருந்தும் உதவி வரவில்லை. குடிசை குடிசையாகப் போய், குடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தேர்தல் நாளன்று வாடைக்காற்றோடு விடிந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்யவில்லை, விடாமல் பெய்தது. எங்கள் ஆட்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பலர் வரவேயில்லை. கொந்தராத்துக்காரரின் ஆட்கள் நல்ல கறுப்புக் குடைகளின் கீழ் உலர்ந்தபடி வந்து போனார்கள்.

"பாருங்கோ அத்தான், எங்கட சின்னத்தைப் பிடிச்சுக்கொண்டு போய்த் திறப்புக்குப் போட்டிட்டு வாறாங்கள்," என்று மாமா பல்லைக் கடித்தார்.

வாக்குச்சாவடி என்னுடைய பள்ளிக்கூடத்தில்தான். அப்பா அதன் வாசல் படலையடியில் காலையிலிருந்து நனைந்தபடி நின்றார். அதற்கு முந்தின வாரம்தான் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர். என் வகுப்புப் பொடியன்கள் எதிரே கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, "டேய், குடைக்காரர் நனையிறார்!" என்று கத்தினார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பா நடுங்கிக்கொண்டு நிக்கிறார்."

"நிக்கட்டும். அமெரிக்கன் வந்து துடைச்சுவிடுவான்," என்றார் அம்மா. ஆனால் அவருடைய முகம் சரியில்லை.

மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு நான் திரும்ப ஓடினேன். அப்பாமேல் உள்ள அன்பினால் என்று எழுத ஆசைதான். அன்பு அல்ல, வெட்கம். பொடியன்களின் வாயை மூடவே ஓடினேன். படலையைத் தாண்டி உள்ளே போய், எட்டி நின்று குடையை அவர் தலைக்கு மேல் விரித்தேன்.

"மடக்கு," என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். விரித்த குடையை அவருக்குப் பிடித்ததில் நான் முழுக்க நனைந்து நின்றேன். அவர் குடையைத் தன் கையில் வாங்கி, மற்றக் கையால் என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவருடைய பற்கள் கிடுகிடுப்பது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு குடையை மடக்கி என்னிடம் தந்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். வீதியின் மறுபக்கத்தில் கொந்தராத்துக்காரரின் ஆட்கள் மூன்றுபேர், தங்கள் குடைகளின் கீழ் நின்று, இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா சொற்ப வாக்குகளால் வென்றார். குடிசைப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். அன்று சாப்பிடும்போது அப்பா, தன்னுடைய வாக்கைக் கொந்தராத்துக்காரருக்குப் போட்டதாகச் சொன்னார். தனக்குத் தானே வாக்களிப்பது மரியாதையல்ல என்று அந்த அமெரிக்கர் கருதினாராம். அம்மா அகப்பையைக் கறிச்சட்டிக்குள் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

வெற்றி நிலைக்கவில்லை. வேட்பாளர் தன் சின்னத்தைச் சாவடியின் படலையில் விரித்துப் பிடித்தார் என்று கொந்தராத்துக்காரர் தேர்தல் மனுப் போட்டார். அப்பாவுக்காகப் பேச யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்புக்காத்து மனுவை வாசித்துவிட்டுச் சிரித்தார். குற்றம் சாட்டுபவர்களே குடையோடு நின்றிருக்கிறார்கள். சின்னப்பிள்ளை தானாகக் கொண்டுவந்தது, வேட்பாளருக்கு முன்கூட்டியே தெரியாது, இதில் என்ன வழக்கு என்றார். தேவைப்பட்டால் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றார்.

அந்த ஒரு வார்த்தையை மாமா அப்புக்காத்துக்குத் தெரியாமல் இன்னும் பலமாக்கினார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லித்தந்தார். "ஆரும் சொல்லாமல் நானாத்தான் கொண்டு போனனான். அப்பா குடையைத் தொடவே இல்லை. கண்ட உடனே ஏசிக் கலைச்சுப்போட்டார்." முதலாவது உண்மை. மற்ற இரண்டும் பொய். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறேன் என்ற பெருமைதான் இருந்தது.

விசாரணை நாள் காலை, கிணற்றடியில் பல்லைத் தீட்டிக்கொண்டே அதை உரத்துச் சொல்லிப் பார்த்தேன். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தலையை ஆட்டுவது என்றெல்லாம் பழகினேன். திரும்பிப் பார்த்தால், அப்பா தோளில் துவாயோடு குசினி வாசலில் நின்றார். முகம் கழுவ வந்தவர் கழுவாமலே உள்ளே போய்விட்டார்.

நீதிமன்றத்தில் முதலில் அப்பாவைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். அப்புக்காத்து மிக இலகுவாக, தூண்டிலிலிருந்து மீனை எடுத்துக் கையில் கொடுப்பதுபோல, அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்கள் மகன் குடை கொண்டுவருவார் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்பது விடை. அது உண்மையும்கூட.

அப்பா நான் உட்கார்ந்திருந்த வாங்கைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார். "நான்தான் கொண்டுவரச் சொன்னேன். வாங்கிப் பிடித்ததும் நான்தான். பிள்ளையை விசாரிக்கத் தேவையில்லை."

அப்புக்காத்து அதே கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்டார். அதே பதில் வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழும்பினார்; பிறகு, கேட்க ஒன்றும் இல்லாததால், உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த மாமா, "ஐயோ அத்தான்," என்று தன் தொடையிலேயே அடித்தார்.

பதவி போயிற்று. மறு தேர்தலில் கொந்தராத்துக்காரர் வென்றார். அடுத்த மழைக்கு முன்னமே குடிசைகளைப் பிரித்துக் களஞ்சியம் எழுப்பினார்கள். றோசாக்கா குடும்பம் உப்புவெளிக்கு அப்பால் போய்க் குந்தியது. அதற்குப் பிறகும் பஸ்ஸில் மீன் கொண்டுவந்தாள். ஒருநாள் அவளிடம் நான், "அப்பா பொய் சொன்னதாலதான் உங்கட வீடு போனது," என்றேன். "சும்மா இரு தம்பி. உன்ர அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியுமோ?" என்று சிரித்துவிட்டு மீனை நிறுத்துப் போட்டாள். நான் விடவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொன்னேன், வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போனபின் நண்பர்களிடமும் சொன்னேன்: என் அப்பா ஒரு மடையர். கடிதம்கூட அம்மாவுக்குத்தான் எழுதினேன். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று கடைசியில் ஒரு வரி.

அவர் எதையும் விளக்கவில்லை. அன்றைக்குப் பிறகு நானும் கேட்கவில்லை. சத்தியம் செய்து அவர் சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும். நான் சத்தியம் செய்து ஒரு பொய்யும் சொல்லாமல் இருக்க, அதைச் சொன்னார். ஒரு வரிசைக் குடிசைகளையும் ஒரு சிறுவனின் இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவர் செய்தது சரியென்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. அதிலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் என் வாயில் இருந்தவை.

அன்று நீதிமன்றத்திலிருந்து கடற்கரை வீதியால் நடந்து வந்தோம். மாமா கோபத்தில் முன்னே போய்விட்டார். அப்பா என் கையைப் பிடிக்க வந்தார், நான் கொடுக்கவில்லை.

"நீங்கள் கொண்டரச் சொல்லேல்லையே அப்பா. நானாத்தானே வந்தனான். மறந்துபோனியளோ?"

"மறக்கேல்லை. மெல்லக் கதை, தம்பி. ஆருக்கும் கேட்கப்போகுது."

தெரிந்துகொண்டே தோற்கும் பொய்யைச் சொல்லியிருக்கிறார்! எனக்குப் பொறுக்கவில்லை. வெல்லும் பொய் எப்படி இருக்கும் என்பதை அவருக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. வீதியின் நடுவில் நின்று, கூண்டில் நிற்பதுபோல நிமிர்ந்து, மாமா சொல்லித்தந்ததை முதலிலிருந்து கடைசிவரை, தலையாட்ட வேண்டிய இடத்தில் தலையாட்டி, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

அப்பா நின்று முழுவதையும் கேட்டார்.

"நல்லாப் பாடமாக்கியிருக்கிறாய்," என்றார்.

எங்கள் குடும்பத்தில் எனக்காவது புத்தி இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, நான் அவருக்கு முன்னால் நடந்தேன்.