டோரீன் கட்டிய மேடு

டோரீன் ஹன்சிக்கருக்கு நடப்பது பிடிக்காது. லீஹை ஆற்றங்கரையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. பாதி ஆயுளாக உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைச் சுற்றி வந்தவளிடம் போய், "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டர்.

டாக்டர் மேல் தப்பில்லை. ஓட்டுநர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. டோரீனின் ரத்த அழுத்தம் எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"உடம்பு சரின்னு மூணு மாசத்துக்குத்தான் கார்டு தர முடியும், மிசஸ் ஹன்சிக்கர். செப்டம்பர்ல வாங்க. அப்பவும் இறங்கலேன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

கையெழுத்து இல்லை என்றால் பேருந்து இல்லை. அவளுக்கு வேறு என்ன இருந்தது? கணவன் ஃபிளாரிடாவுக்குப் போனான். திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை, வரவுமில்லை. அந்த மட்டில் நாணயமான மனிதன். பேருந்து மட்டும் தினமும் விடிவதற்குள் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. எந்தப் பிள்ளை வளைவில் வாந்தி எடுக்கும், எந்தப் பிள்ளை திங்கட்கிழமை அழும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த மஞ்சள் வண்டியை அவள் நேசித்தாள். அதற்காக நடக்கவும் தயாரானாள்.

கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. பேருந்துகள் நிற்கும் வளாகத்தின் வேலியை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நடந்தாள். குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதுதான். இரண்டாவது வாரம் வேலிக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே ஒரு மனிதன் குட்டிச் சைக்கிளோடு ஆகாயத்தில் இருந்தான். பிறகு இறங்கினான். பிறகு இன்னொருவன் ஆகாயத்துக்குப் போனான்.

டோரீன் நடப்பதை நிறுத்தினாள். இன்றுவரை மறுபடி தொடங்கவில்லை.

பத்து வயதில் அவளும் மண்தடத்தில் நடக்கும் பி.எம்.எக்ஸ். சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவள்தான். அந்தப் பழைய சைக்கிள் கார் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. எடுத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, மறுநாள் காட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே வரிசையாக மண்மேடுகள், சைக்கிளில் ஏறிப் பறப்பதற்கென்றே கட்டியவை. ஆண்கள் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து உப்பு பிரெட்சல் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். மரத்தில் ஒரு பலகை: தோண்டாதவர் ஓட்டக் கூடாது.

"நான் ஓட்டலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா" என்று சொல்லி, க்ரெஸ்கி அவள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான்.

க்ரெஸ்கி குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவன். அந்தக் காட்டில் அதிகாரம் என்று ஒன்று இருந்தால் அது அவனிடம் இருந்தது. பக்கத்து வாளியில் இருந்தவன் சாபோ. பண்டகசாலையில் பெட்டி தூக்குகிற இளைஞன். வாய் மட்டும் விடுப்பு எடுக்காது.

"எவ்வளவு நாள் தோண்டணும்?" என்றாள் டோரீன்.

"நான் ஏழு வருசமாத் தோண்டறேன்" என்றான் சாபோ. "முடிஞ்சதும் சொல்றேன்."

இந்த விளையாட்டினால் உடம்புக்கு எவ்வளவு நன்மை என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தொடை இறுகும், தொப்பை கரையும், மூச்சு நீளும், தூக்கம் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் எழுதுகிற மகராசன் எவனும் வாளியைத் தூக்கியதில்லை என்று தெரிகிறது. ஒரு நிமிடம் பறப்பதற்கு ஒரு பொழுது மண் சுமக்க வேண்டும், ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து தெளிக்க வேண்டும், மழை வரும் முன்பு தார்ப்பாய் போர்த்த வேண்டும், வந்து போன பின்பு எடுக்க வேண்டும், உதிர்ந்த இலையைக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் செய்தவனுக்குத் தொப்பை தானாகவே வெட்கப்பட்டுப் போய்விடும்.

முதல் வாரம் டோரீனால் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் முடிந்தது. மாலையில் சின்ன மேடுகளில் ஓட்ட விட்டார்கள். மிதிக்காமலே, ஏறும்போது காலை மடக்கி இறங்கும்போது அழுத்தி வேகம் எடுக்கும் வித்தையை க்ரெஸ்கி காட்டினான். உட்காரக் கூடாது, இந்தச் சைக்கிளில் இருக்கை என்பது முழங்காலை இடிப்பதற்காக வைத்தது. நாலு தடவை போய் வந்தால் நெஞ்சு ஆலைச் சங்கு மாதிரி ஊதியது. அவள் விழுந்தாள். நிறைய விழுந்தாள். ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறந்தபோது, அவளுடைய சிராய்த்த முழங்கையைப் பார்த்து முன் இருக்கைச் சிறுமி கேட்டாள்.

"மிஸ் டோரீன், உங்களை யாராச்சும் அடிச்சாங்களா?"

"ஆமா. பூமி."

அந்த வாரம்தான் க்ரெஸ்கி வரிசையின் கடைசியில் இருந்த வெற்று இடத்தைக் காட்டி, "அந்த மூலை உங்களுக்கு, டோரீன்" என்றான். அந்தக் காட்டில் அது பெரிய கௌரவம். சொந்த மேடு கட்டச் சொல்கிறார்கள், ஒரு பக்கம் ஏறி, உச்சிக்கு மேலே பறந்து, மறுபக்கச் சரிவில் இறங்குகிற மேடு. அதற்கு ஒரு விதி உண்டு: கட்டியவர்தான் முதலில் தாண்டி இறங்க வேண்டும். அதுவரை அடுத்தவர் சக்கரம் அதன்மேல் படக் கூடாது. உயரத்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் கட்டியவர் கையால் மட்டும்தான்.

டோரீன் கட்டினாள். டாக்டர், ஃபிளாரிடா, அரை மணி நேர நடை எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு கட்டினாள். மேடு சாபோவின் நெஞ்சுக்கு வந்தது.

"டிரைவரம்மா, இதை யாருக்குக் கட்டறீங்க?"

"எனக்குத்தான்."

"உயரத்தைப் பாத்தீங்களா?"

அப்போதுதான் பார்த்தாள். மண்வெட்டி கையில் இருக்கும்போது தைரியம் ஒரு அளவு. சைக்கிள் கையில் இருக்கும்போது அது வேறு அளவு. இந்தத் தப்பைக் காட்டில் எல்லோரும் ஒரு தடவை செய்திருக்கிறார்கள். கொஞ்சம் வெட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் டோரீனுக்கு வீம்பு. வெட்ட மாட்டேன் என்றாள்.

அழகான மேடு அது, பொய் சொல்லக் கூடாது. விளிம்பு ரொட்டிக் கத்தியால் அறுத்தது போல் இருந்தது. பார்த்த ஆண்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒவ்வொரு மாலையும் சாபோ வந்து நிற்பான்.

"இன்னைக்கா, டிரைவரம்மா?"

"காத்து அடிக்குது."

அடுத்த நாள் மண் ஈரம். அதற்கு அடுத்த நாள் மண் காய்ந்துவிட்டது. அதற்கும் அடுத்த நாள் அவள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் கண்ணாடி போடுகிறவளே இல்லை. யாரும் அதைச் சுட்டிக் காட்டவில்லை.

செப்டம்பரில் சோதனை நாள் வந்தது. வீட்டுக் கருவியில் அழுத்தம் சமர்த்தாக இறங்கியிருந்தது. ஆனால் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்ததும் அவள் மனசு நேராக அந்த மேட்டில் போய் நின்றுகொண்டது. இத்தனை நாள் ஆண்களைக் காக்க வைத்திருக்கிறாள். ஏறவும் முடியவில்லை, இறக்கவும் மனமில்லை. பட்டையைக் கட்டிப் பார்த்தார் டாக்டர். எல்லைக்கு மேலே.

"பரவாயில்ல, முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை" என்றார். "சில பேருக்கு என்னைப் பாத்தாலே ஏறும். சாப்பிட்டுட்டு மதியம் வாங்க, இன்னொரு தடவை பாக்கறேன். அதுவரைக்கும் அமைதியா எதையாவது பண்ணுங்க."

டோரீன் நேராகக் காட்டுக்குப் போனாள்.

முந்தின இரவு மழை. மழை பெய்த மறுநாள் மண்வெட்டிக்கு மண் வெண்ணெய் மாதிரி படியும். ஆகவே அன்றைக்கு அந்தக் காட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போய், வேலைக்கு வர முடியாது என்று முதலாளிகளுக்குத் தகவல் போய்விடும். அந்தக் காலை எல்லா நோயாளிகளும் மண்வெட்டியோடு இருந்தார்கள். டோரீன் தலைக்கவசத்தை மாட்டினாள். சாபோ ஓடிப் போய் அவள் மேட்டின் தார்ப்பாயை உருவினான்.

சின்ன மேடுகளில் அழுத்தி அழுத்தி வேகம் எடுத்தாள். கடைசி மேட்டில் ஏறினாள். விளிம்பு முடிந்தது. மேலே எந்தச் சத்தமும் இல்லை. கார்டு இல்லை, டாக்டர் இல்லை, ஒன்றுமே இல்லை. முன்சக்கரம் அந்தப் பக்கச் சரிவைத் தொட்டது. பின்சக்கரம் ஒரு சாண் குறைந்து மேட்டின் முனையில் இடித்தது. டோரீன் கைப்பிடிக்கு மேலாகப் போய் மண்ணைக் கவ்வினாள். இதைச் சொல் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. வாயில் நிஜமாகவே மண்.

எழுந்து துப்பினாள். "மணி என்ன?" என்று கேட்டாள். சொன்னார்கள். கிளம்பிவிட்டாள்.

டாக்டர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அமைதியா எதையாவது பண்ணச் சொன்னேன்."

"பண்ணினேன்."

அழுத்தம் எல்லைக்குள் வெகு பத்திரமாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். அடிபட்டால் ஏறும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவளுக்கு ஏறவில்லை, அதற்கு யாரும் பொறுப்பல்ல. பிறகு, "என் விரலை இறுக்கிப் பிடிங்க" என்றார். ஓட்டுநர் சோதனையில் அதுவும் உண்டு. இடது கை பிடித்தது. வலது கையை அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். மணிக்கட்டு பன் மாதிரி உப்பியிருந்தது.

"பிரஷர் பாஸ்" என்றார் டாக்டர். "கை ஃபெயில். எலும்பு கூடட்டும், கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் பஸ் வேண்டாம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவள் தடத்தில் வேறு ஆள் ஓட்டினான், வளைவில் யார் வாந்தி எடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொண்டிருப்பான். டோரீன் வீட்டில் கிடந்தாள். காட்டுப் பக்கமே போகவில்லை. இலை பழுக்கிற அந்தப் பருவத்தில்தான் மண் வருடத்திலேயே நன்றாக இருக்கும். பிறகு உறைபனி, எல்லாம் மூடவேண்டியதுதான். தன் மேட்டில் இப்போது எல்லோரும் பறந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். பொறாமையாக இருந்தது. அழுகையாகவும் வந்தது.

அக்டோபர் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் பேருந்து. சைக்கிள் அவள் விழுந்த நாளிலிருந்து காட்டிலேயே கிடந்தது. எடுத்து வரலாம் என்று போனாள்.

மேடு அப்படியே இருந்தது. அப்படியே என்றால், மேலே ஒரு சருகுகூட இல்லை. தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவள் பின்சக்கரம் இடித்த பள்ளத்தைப் பூசி மெழுகியிருந்தார்கள். ஒரு டயர் தடம் இல்லை.

"ஏன் யாரும் ஓட்டல?" என்றாள்.

"நீங்க இன்னும் இறங்கலையே, டிரைவரம்மா" என்றான் சாபோ. "விழுந்தது கணக்குல சேராது."

"ஆறு வாரமாவா?"

"இவன் தினமும் வந்து அதைத் தடவிக் குடுத்துட்டுப் போவான்" என்றான் க்ரெஸ்கி. "பாக்கச் சகிக்கல."

இப்படி யாரும் அவளுக்காகக் காத்திருந்ததில்லை, பேருந்தைத் தவிர. சைக்கிளைத் தேடிப் போனவள் நின்றாள். மேட்டைப் பார்த்தாள். மெலிந்துபோன வலது மணிக்கட்டைப் பார்த்தாள். இன்னொரு தடவை விழுந்தால் திங்கட்கிழமை இல்லை. தாண்டாமல் போனால் இந்த மடையர்கள் பனி விழும்வரை பெருக்கிக்கொண்டே இருப்பார்கள்.

மண்வெட்டியை எடுத்தாள். மேட்டின் உச்சியில் ஓங்கி ஒரு வெட்டு.

"ஐயையோ" என்றான் சாபோ.

"எனக்குத் திங்கக்கிழமை பஸ் இருக்கு."

"அரை அடி போதும், டிரைவரம்மா."

"போதாது."

"எவ்வளவு வெட்டினாத்தான் என்ன, அவங்க மேடு" என்று க்ரெஸ்கி அவனை அடக்கிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் வலித்தது. ஆனால் வாளியைத் தூக்கி வந்தவன் அவன்தான். வெட்டிய மண்ணை எல்லோருமாகச் சுமந்தார்கள், சாபோ உட்பட, சாவு வீட்டு முகத்தோடு. மேடு இடுப்புக்கு வந்ததும் டோரீன் நிறுத்தி, விளிம்பைத் தன் கையால் தட்டிச் சமன் செய்தாள்.

வெளிச்சம் போவதற்குள் ஏறினாள். அழுத்தி, அழுத்தி, விளிம்பு, மேலே அதே நிசப்தம், கொஞ்சம் குட்டையான நிசப்தம். இரண்டு சக்கரமும் ஒன்றன் பின் ஒன்றாக அந்தப் பக்கத்தில் இறங்கின. வாளிகளை மண்வெட்டியால் தட்டினார்கள். அவள் திரும்பி வருவதற்குள் சாபோ பறந்துவிட்டிருந்தான். இறங்கி, சுற்றி வந்து, "ரொம்பச் சின்னது" என்றான். மறுபடி வரிசையில் போய் நின்றான். இருட்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு அதிலேயே பறந்தான்.

திங்கட்கிழமை டோரீன் பேருந்தை எடுத்தாள். அழுகிற பிள்ளை அழுதது. அன்றிரவு நல்ல மழை. செவ்வாய்க்கிழமை காலை காட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போயிற்று. டோரீனுக்கு மட்டும் போகவில்லை. மழை பெய்த மறுநாளும் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அந்தக் காட்டில் அவள்தான். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தி, வேலி ஓரமாக மண்வெட்டியோடு வந்து சேர்ந்தாள்.