ஏற்கெனவே நார்மல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது எனக்கு நடந்தது. நடுநிசி, நாய் ஊளை எதுவும் கிடையாது. வியாழக்கிழமை, மதியம் 1:05. எக்கோ அறையில் திரை தெளிவாகத் தெரிவதற்காகப் பகலிலும் விளக்கை அணைத்துத்தான் வைப்போம். அவ்வளவுதான் இருட்டு.

நான் எக்கோ டெக்னீஷியன். நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை வைத்து, இதயத்தில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது என் வேலை. கருவியை நோக்கி வரும் ரத்தம் திரையில் சிவப்பு. விலகிப் போவது நீலம். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் பெரிய டாக்டர். எங்களுக்குள் அவர் பெயர் ‘ஃபாரின்’. வெளிநாட்டில் ஆறு வாரம் படித்தார். இருபது வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரையைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? வேலைக்கு உடல்தகுதி சர்டிஃபிகேட் கேட்டு வருகிறவர்களின் ரிப்போர்ட்டில் காலையிலேயே ‘நார்மல்’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஸ்கேன் அதற்குப் பிறகுதான்.

போன வாரம் புதன்கிழமை மெஷின் ரிப்பேர். பதினொரு பேருக்கு அந்த ஸ்கேனும் இல்லை. கவுன்டரிலேயே பேப்பரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பஸ் டிரைவர் உடுப்பில் ஒருவர் நின்றார்.

“போன புதன்கிழமை என்னைப் படுக்கவே வைக்கலம்மா. பேப்பர மட்டும் குடுத்தாங்க. இப்பவாச்சும் பாத்துச் சொல்லு.”

“சாப்பாட்டு நேரம்ங்க. ரெண்டு மணிக்கு வாங்களேன்.”

“வண்டில நாப்பது பேரு உக்காந்திருக்காங்க.”

மனசு உறுத்தியது. படுக்கச் சொன்னேன்.

1:09. ஜெல் பட்டதும் எல்லோரும் “ஐயோ, சில்லுன்னு இருக்கு” என்பார்கள். இவர் அசையவில்லை. அவர் தோலைவிட ஜெல்தான் சூடாக இருந்தது.

1:11. திரையில் சிவப்பு இல்லை. நீலம் இல்லை. வெறும் கறுப்பு. மெஷினைத் திட்டிக்கொண்டே சத்தத்தைக் கூட்டினேன். ரத்தம் ஓடினால் ‘ஷ்ஷ்... ஷ்ஷ்...’ என்று கேட்க வேண்டும்.

‘குளுக்... குளுக்...’

நாற்றம் வந்தது. பூச்சாடியில் வாரக்கணக்கில் மாற்றாத தண்ணீர் நாற்றம். முகக்கவசத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்டர்காமை எடுத்தேன்.

“சார், ரத்த ஓட்டமே தெரியல.”

“நான் ஃபாரின்ல இருந்தப்ப இந்த மாதிரி ஆயிரம் பாத்தாச்சு. ஆளு பேசுறாரா?”

“பேசுறாரு சார்.”

“அப்ப ஓடுது. நார்மல்.”

1:16. “நார்மலாம்ங்க,” என்றேன். சொல்லும்போதே என் வாய் எனக்கே அருவருத்தது.

“அன்னைக்கும் அதத்தாம்மா சொன்னீங்க.”

டிஷ்யூவை எடுத்து அவர் நெஞ்சைத் துடைத்தேன்.

ஜெல் வரவில்லை.

தோல் வந்தது.

வெள்ளையாக... ஊறி... வழுவழுவென்று... என் விரலைச் சுற்றிக்கொண்டு...

வாஷ்பேசினுக்கு ஓடினேன். வாந்தி.

1:19. திரும்பினேன்.

கட்டில் காலி.

சாயங்காலம் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பிணவறை ஊழியர் டீக்கு வந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை பஸ் ஒண்ணு ஏரில விழுந்துச்சே, ஏழு பேரு போனாங்களே... அந்த டிரைவர இன்னிக்குத்தான் தூக்குனாங்க. ஒண்ணு பத்தொம்பதுக்குன்னு எழுதியிருக்கு. ஓட்டிக்கிட்டிருக்கும்போதே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டாராம். சட்டைப்பைல பிளாஸ்டிக் கவருக்குள்ள உங்க ரிப்போர்ட்டு.”

ஃபாரின் அதற்குள் நிருபர்களிடம் பேசிவிட்டிருந்தார்: இதயம் நார்மல், ரோடுதான் சரியில்லை.

ஊழியர் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு ஒண்ணுதாம்மா புரியல. நாலு நாளு தண்ணிக்குள்ள கெடந்த ஒடம்பு. நெஞ்சுல ஒரு எடத்துல தோலே இல்ல. அதச் சுத்தி உங்க ஸ்கேன் ஜெல்லு... இப்பத்தான் தடவின மாதிரி... கரையவே இல்ல.”