புகார் எதுவும் வரவில்லை

எழுபதுகளின் கடைசியில் நான் தில்லியில் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். பார்லிமெண்ட் நடக்கும் மாதங்களில் எங்கள் பிரிவில் மூச்சு விட நேரமிருக்காது. எம்.பி. கேட்கும் கேள்விக்கு மந்திரி சபையில் வாசிக்கும் பதிலை நாங்கள்தான் எழுதுவோம். அதோடு விடாது. அவர் மேற்கொண்டு என்ன கேட்டுத் துருவுவார் என்று ஊகித்து, அதற்கும் பதில் எழுதித் தனித் தாளில் வைக்க வேண்டும்.

ஒரு ஜூலையில், பெரிய ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டிருந்த நர்ஸ்கள் ஸ்டிரைக் பற்றிக் கேள்வி வந்தது. ஆஸ்பத்திரியிடம் விவரத்தை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். அவசரத்தில் போனிலேயே கேட்டு எழுதினேன்: அவசரப் பிரிவு வழக்கம்போல் இயங்குகிறது. தனித் தாளில், நோயாளி யாராவது திருப்பி அனுப்பப்பட்டாரா என்று கேட்டால், புகார் எதுவும் வரவில்லை. ஒரு திருத்தமும் இல்லாமல் மேலே போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சபையில் பதில் வரும் நாளுக்கு முந்தின நாள் காலை, என் நாலு வயது மகளுக்கு வாந்தி பேதி. எட்டு மணிக்குள் கண் செருகிவிட்டது.

"மார்க்கெட் பக்கம் நர்சிங் ஹோம் இருக்கே, அங்க போயிடலாம்" என்றார் என் கணவர்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கே போலாம். எமர்ஜென்சி நடக்கறது. நானே எழுதியிருக்கேனே!"

நான் எழுதியதை நானே நம்பினேன். என்னைப்போல் ஓர் அசடு நாங்கள் குடியிருந்த சரோஜினி நகர் முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது.

ஆட்டோ ஸ்கூட்டர் பிடித்துப் போனோம். அவசரப் பிரிவின் கதவில் சங்கிலி. "ஹர்தால் ஹை, கஹீன் ஔர் லே ஜாவோ" என்று, வேறெங்காவது கொண்டுபோகச் சொல்லிக் காவலாள் கையை ஆட்டினான். மடியில் குழந்தை ஈரத் துணிபோல் கிடந்தாள். ஒரு முறை சிணுங்கினால்கூடப் போதும் என்றிருந்தது. அப்படி நான் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை.

வெளியே ஷாமியானாவில் ஸ்டிரைக் செய்துகொண்டிருந்த நர்ஸ்களில் ஒரு மலையாளப் பெண் எழுந்து வந்தாள். உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "இவிடே நிக்கண்டா சேச்சி, வேகம் வா" என்று அவளே ஸ்கூட்டரில் ஏறி, எங்களை நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போய், ஊசி குத்தி டிரிப் ஏற்றும்வரை நின்றாள். மத்தியானம் மகள் "தண்ணி" என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ஆபீசில் பிரிவு அதிகாரியிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த ஸ்டிரைக் பதிலுக்கு ஆஸ்பத்திரி லெட்டர் ஃபைல்ல இருக்கோல்லியோ?" என்றார் அவர், தலை நிமிராமல்.

வேலை போய்விடுமே என்று பயம் வந்தது. "வந்துண்டிருக்கு சார்" என்றேன். சங்கிலி போட்ட கதவைப் பற்றிச் சொல்லாமல் என் இடத்துக்குத் திரும்பினேன்.

மத்தியானம் அவர் சபையிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பினார். எம்.பி. விடாமல் கேட்டாராம், மந்திரி என் தாளைப் பார்த்து அப்படியே வாசித்தாராம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. புகார் கொடுக்க வேண்டியவள் நான்தான். கொடுக்கவில்லை.

சாயங்காலம் ரேடியோச் செய்தியில், அவசரப் பிரிவு வழக்கம்போல் இயங்குகிறது என்ற என் வாக்கியம் வந்தது. மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டு நம்பி, யார் வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவுக்குக் கிளம்புகிறார்களோ என்று கை நின்றுவிட்டது.